மாடு திரும்ப இடமில்லாத வீடு

நான் கட்டிய முதல் வீட்டின் மேற்குச் சுவரை, புதுமனை புகுவிழா அன்றே ஒரு பசுமாடு தள்ளிவிட்டது. என் அலுவலக இணையதளத்தில் 'எங்கள் பணிகள்' பக்கத்தில் இந்தத் தகவல் கிடையாது. இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அந்த வீடு அப்பாவுக்காகக் கட்டியது. அம்மா தவறிய பிறகு அண்ணன் அவரைக் கோயமுத்தூரில் தன் எட்டாவது மாடி ஃப்ளாட்டுக்கு அழைத்துப்போனான். அண்ணனும் அண்ணியும் தங்கமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனாலும் அப்பாவின் பேச்சு நாளுக்கு நாள் குறைந்தது. பெரும்பாலும் பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருப்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஒருநாள் என்னிடம் மட்டும், "அன்னூர்த் தோட்டத்துல சின்னதா ஒரு ஊடு கட்டிக்குடு கண்ணு. நா அங்க இருந்துக்கறேன்" என்றார்.

அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். "ஊடு நல்லா இருந்தா அப்பா இருக்கட்டும். எனக்குத் திருப்தி இல்லைன்னா அன்னைக்கே கார்ல ஏத்திக் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது அம்மணி."

நான் அப்போது கட்டடக்கலை படித்து முடித்து, அதற்கு மேல் மண்வீட்டுக்கென்று மூன்று வாரப் பயிற்சியும் எடுத்து, தாங்க முடியாத பிறவியாக இருந்தேன். சிமென்ட் மூட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். (அந்த வருடம் என்னைக் கல்யாணத்துக்கு அழைத்தவர்கள், மண்டபம் கான்கிரீட்டில் இருந்ததற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.)

மொத்தம் நூற்றிருபது சதுர அடி. தென்னைமரத் தூண்கள், ஓலைக்கூரை. தோட்டத்து மண்ணில் வைக்கோல் கலந்து மிதித்து எழுப்பிய சுவர்கள். அதன்மேல் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஒருவர் படுக்கும் அளவுக்கு மண்ணிலேயே ஒரு கட்டில். கிழக்கே இரண்டரை அடி வாசல். மேற்கு வெயில் வீட்டைச் சுடவைக்கும் என்று புத்தகம் சொன்னதால் மேற்கில் ஜன்னலே வைக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்பது புத்தகம் எழுதியவருக்குத் தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்கலாம். அந்தச் சுவரில் அம்மாவின் படம் வைக்க ஒரு மாடம் மட்டும் குடைந்தேன்.

கொத்தனார் ராசு தலையைச் சொறிந்தார். "ஏனுங் அம்மணி, மேக்காலச் செவுரு இன்னும் ஈரமா இருக்குதுங்க. அதுல மாடத்தையும் நோண்டிப்போட்டீங்க. இன்னும் பதினஞ்சு நாள் காயோணுங்க."

ஆவணி முகூர்த்தத்தை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் யாரும் குடிபோக மாட்டார்கள். அப்பா ஐப்பசி வரை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். "டேபிள் ஃபேன் வெச்சுக் காயவெச்சுக்கலாம்" என்றேன். ராசு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

விழா நாளன்று விடிந்ததும் நாற்பது உறவினர்கள் வந்துவிட்டார்கள். முதலில் பசுவும் கன்றும் வீட்டுக்குள் போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்து சாமியாத்தா அக்கா, தன் காங்கேயம் பசு மயிலையைக் கன்றோடு ஓட்டிவந்தார். நான் அப்போதுதான் வாசலையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தேன். வரைபடத்தில் அப்பாவுக்கு இடம் வைத்திருந்தேன், அவருடைய செருப்புக்குக்கூட இடம் வைத்திருந்தேன், மாட்டை மறந்துவிட்டேன்.

"கன்னுக்குட்டிக்கு உள்ள எடம் பத்தாதுங்க்கா. அது வெளியவே நிக்கட்டும்."

"கன்ன உட்டுப்போட்டு மாடு நிக்காது அம்மணி."

"ரெண்டே நிமிசந்தானுங்க்கா!"

மயிலை கம்பீரமாக உள்ளே போனாள். நேரே மேற்குச் சுவருக்குப் போய் முகர்ந்தாள். வெல்லம்! மாடத்தின் விளிம்பை நக்கத் தொடங்கினாள். உள்ளே வைக்கோலும் இருப்பது தெரிந்ததும் ருசித்தே சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஐயர் கற்பூரத்தை ஏற்றினார். அந்த நேரம் பார்த்து வெளியே கன்று கத்தியது.

மயிலை திரும்ப முயன்றாள். ஒரு பக்கம் மண்கட்டில், மறுபக்கம் சுவர். பின்னால் நடக்கச் சொல்லி ஐயர் கெஞ்சினார். (மாடு லேசில் பின்னால் நடக்காது என்பது மூன்று வாரப் பயிற்சியில் வரவில்லை.) கன்று மறுபடியும் கத்தியது. மயிலை நெற்றியை மாடத்தில் வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். ஈரச்சுவர் பெரிய சத்தம்கூட இல்லாமல் பொத்தென்று வெளியே சரிந்தது. அவள் அதன்மேல் நடந்து வெளியேறி, வீட்டைச் சுற்றி வந்து கன்றின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

கூரை தூண்கள்மேல் இருந்ததால் விழவில்லை. நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது. ஐயர்தான் முதலில் தொண்டையைச் செருமி, "கோமாதா உள்ளே வந்தாச்சு" என்றார்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. கார் சாவியைக் கையில் எடுத்து, "அப்பா, போலாம் வாங்க" என்று மட்டும் சொன்னான். அதற்குத் திட்டியே இருக்கலாம். அப்பாவை மறுபடியும் அந்த பால்கனிக்கு அனுப்பப்போவது நான்தான் என்று புரிந்தது. பட்டுப்புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதேன்.

அப்பா அம்மாவின் படத்தைக் கையில் வைத்திருந்தார். மாடத்தில் வைக்கலாம் என்று கொண்டுவந்தது. மெதுவாக உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். இடிந்த பக்கமாக ஆவணிக் காற்று குபுகுபுவென்று வந்து அவர் துண்டைத் தூக்கியது. படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"நீ போ சாமி. நா இருந்துக்கறேன்."

"அப்பா, செவுரே இல்லீங்களே!"

"அதுக்கென்ன இப்ப? காத்து நல்லா வருது. பால் காச்சச் சொல்லு."

அண்ணன் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு பேன்ட்டை மடித்துவிட்டு, கொத்தனார் ராசுவோடு சேர்ந்து மண்ணை அள்ள ஆரம்பித்தான்.

அந்தச் சுவரை நாங்கள் திரும்ப எழுப்பவில்லை. அங்கே அகலமாக இரட்டைக் கதவு வைத்து, வெளியே கூரையை நீட்டினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அங்கேதான் சாப்பிடுகிறோம். நாங்கள் வந்தால் எங்கே உட்காருவோம் என்று நான் முதலில் யோசிக்கவே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்பா இப்போது பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம்.

அளவு தெரிவதற்காக எல்லோரும் வரைபடத்தில் ஒரு மனித உருவம் வரைவார்கள். நான் மாடு வரைகிறேன். அது என் பாணி என்று புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் யார் எதைக் கட்டினாலும், கோழிக்கூண்டாக இருந்தாலும், "மாடு திரும்புமா?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை.

போன மாதம் அண்ணன், அப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே தனக்கும் ஒரு சின்ன மண்வீடு வேண்டுமென்று வந்தான். வரைபடத்தை நீட்டினேன்.

"மாடு திரும்புமா அம்மணி?"

"தாராளமாத் திரும்பும்ணா."

அவன் சிரிக்கவில்லை. காகிதத்தின்மேல் விரலை ஓட்டி எதையோ தேடினான்.

"கன்னுக்குட்டி எங்க?"

நான் பென்சிலை எடுத்து, மாட்டுக்குப் பக்கத்திலேயே வரைந்தேன்.