காலஞ்சென்றவர் அனுப்பிய பொதி

வெளிநாட்டிலிருந்து வரும் படத்தட்டு எதுவாயினும், அது எமது பண்பாட்டுக்குப் பங்கம் விளைவிக்குமா என்பதைப் பொறுப்புவாய்ந்த உத்தியோகத்தர் ஒருவர் ஆரம்பம் முதல் முடிவு வரை பார்வையிட்டுத் திருப்தியடைந்த பின்னரே உரியவரிடம் கையளிக்கப்படல் வேண்டும். இப்படி ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்காதீர்கள். கேட்பதற்கென்று தனிப் படிவம் உண்டு. அது இப்போது கையிருப்பில் இல்லை.

தாண்டவன்வெளியில் பள்ளிக்கூட யூனிபோம் தைக்கும் செபஸ்தியம்மாவுக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பதினொரு வருசத்துக்கு முன் கனடா போன ஒரே மகன் ஜசிந்தன் அங்கே ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்துவிட்டான். அந்தத் தொடர் இங்கே எந்த அலைவரிசையிலும் வராது. ஆகவே முழுவதையும் எட்டு சீடியாக ஒரு பெட்டியில் போட்டு, அனுப்புனர் இடத்தில் தன் பெயரை எழுதி, அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். போனில் அவன் முகம் வராமல் இல்லை. பாதி நெற்றி வரும், ஒரு காது வரும், பிறகு சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் வரும். பிள்ளை எழும்பி நடந்து போவதைப் பார்த்துப் பதினொரு வருசம். டீவியில் நடப்பான்தானே! அந்தச் சந்தோசப் புளுகத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"பொதி வந்திருக்கு அம்மா," என்றார் வாவிக்கரைப் பொதிப் பரிசீலனை அலுவலகத்தின் பெரிய உத்தியோகத்தர் வினாயகமூர்த்தி. "நாங்க பாத்து முடிச்சாத் தரலாம். ஆனா பாக்கிறதுக்கு எங்களிட்டப் பிளேயர் இல்ல."

"அப்ப எப்பிடி சேர் பாப்பீங்க?"

"பாக்க ஏலாது."

"பாக்காட்டி?"

"தர ஏலாது. முப்பது நாளில அழிச்சிருவம். அது மட்டும் சுணங்காது."

செபஸ்தியம்மா வீட்டுக்கு ஓடினாள். ஊரில் உள்ளவர்கள் தங்கள் பிளேயர்களைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துப் பல காலம். புருஷனின் மரண வீட்டு சீடியைப் பார்ப்பதற்காக அவள் மட்டும் ஒன்றை வைத்திருந்தாள். அதைப் பழைய சேலையில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வினாயகமூர்த்தி வாங்கிக்கொண்டார். ரசீது எழுதவில்லை. தனியார் சொத்தை அலுவலகத்தில் வைத்திருப்பது விதிமுறைக்கு முரணாம்.

அடுத்த நாள் கவுண்டரில் ஒரு பலகை தொங்கியது. "பண்பாட்டுப் பாதுகாப்புப் பணி நடைபெறுகின்றது. பொதுமக்கள் ஒத்துழைக்கவும்." உள்ளே ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு ஒன்பது உத்தியோகத்தர்களும் பண்பாட்டைப் பாதுகாத்தார்கள். பியோனை அனுப்பி அவித்த கடலை வாங்கியதும் அதே பணியின் ஓர் அங்கமே.

தொடரின் கதை இதுதான். கனடாவில் ஒரு குடியிருப்பு. எல்லா வீடும் ஒரே அச்சு, எல்லா முற்றத்திலும் கத்தரித்த புல். புல் இரண்டு அங்குலத்துக்கு மேல் வளர்ந்தால் குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பும். வீட்டுக்கு வீடு கொலை விழுகிறது. அதற்கு மட்டும் கடிதம் இல்லை. பெண்கள் கேக் சுட்டுக்கொண்டே பிணத்தை எங்கே வைப்பதென்று கதைப்பார்கள், பார்க்கிற நாங்கள் சிரிக்க வேண்டும். உள்ளே நன்றாகச் சிரித்தார்கள். வெளியே மர வாங்கில் இருபது நாளுக்கு மேல் குந்தியிருந்த செபஸ்தியம்மா அதற்குச் சாட்சி.

அவளை உள்ளே விடவில்லை. பரிசீலித்து முடியாத ஒன்றைப் பார்த்துப் பொதுமக்களில் ஒருத்தி கெட்டுப்போனால் யார் பொறுப்பு? ஒரு நாள், கொலைக்குத் துப்புத் தேடி உள்ளே முதலாவது சீடியைத் திருப்பிப் போட்டபோது, கதவுக்குப் பின்னால் ஓர் அலறல் கேட்டது. அவள் துடித்து எழும்பினாள். பதினொரு வருசமென்ன, நூறு வருசமென்ன, அது அவள் வயிற்றில் கிடந்தவனின் குரல். கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

"சேர், அது என்ட புள்ள! ஒருக்காக் காட்டுங்க சேர்!"

கதவு நாலு விரல் அளவு திறந்தது. "ஆரு, புல்லு வெட்ட வந்தவரா?" என்றார் வினாயகமூர்த்தி.

"ஓம் சேர். புல்லு வெட்டுற ஆளாத்தான் நடிச்சனெண்டு சொன்னவன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, மனசத் தேத்திக்கொள்ளுங்க. அவர் செத்திட்டார். ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சிருக்காங்க."

"கதையிலதானே சேர்!"

"பொதி அனுப்பினதும் அவர்தானே?"

"அவன்தான்."

"அப்ப இது காலஞ்சென்றவர் அனுப்பிய பொதி." அவர் பேனையைத் திறந்தார்.

வினாயகமூர்த்தியை மடையர் என்று நினைத்துவிட வேண்டாம். நடிப்பு எது, நிசம் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதை அவரே சொன்னார்.

"எனக்குத் தெரியும் அம்மா. பைலுக்குத் தெரியாதே? 'அனுப்புனர் நிலை' எண்டு ஒரு கட்டம் இருக்கு. நாங்க ஒன்பது பேரும் கண்ணால கண்டது அவர் பெட்டிக்குள்ள கிடக்கிறத. காணாதத எழுதினா ஓடிட்டுக்குப் பைல் சோதிக்க வாறவங்க சும்மா விடுவாங்களா?"

அவள் அந்த இடத்திலேயே ஜசிந்தனுக்குப் போன் போட்டாள். அங்கே சாமம். பாவம், தூக்கத்திலிருந்து எழும்பி முகத்தைக் காட்டினான். வினாயகமூர்த்தி கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தார். "பெட்டிக்குள்ள கிடக்கக்குள்ள இதவிடத் தெளிவா இருந்தார்," என்று சொல்லி, அதையும் பைலில் குறித்துக்கொண்டார்.

வழி இரண்டு இருந்தது. அனுப்புனர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்க ஒன்பது ஆவணம் வேண்டும். அதில் ஒன்று, அவரே நேரில் வந்து வைக்கும் கையொப்பம். செத்துவிட்டார் என்பதற்குத் தாயின் ஒப்பமும் அயலவர் ஒருவரின் ஒப்பமும் போதும். முப்பதாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள்தான் கிடந்தது.

"மாதாவே! உயிரோட இருக்கிற புள்ளய செத்திட்டானெண்டு எழுத எனக்குக் கை வருமா சேர்?"

"எழுதினாத் தாறன். எழுதாட்டி அழிக்கோணும். 'படத்தில் மட்டும்' எண்டு போட ஒரு கட்டம் இருந்தா நானே போட்டிருப்பன் அம்மா. இல்லயே."

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜசிந்தனோ போனில் விழுந்து விழுந்து சிரித்தான். "வைங்க அம்மா ஒப்பத்த. நான் செத்தாத்தானே என்னப் பாப்பீங்க?" கடைசி நாள் பக்கத்து வீட்டு அன்னப்பூரணியைக் கூட்டிக்கொண்டு போனாள். சிலுவை போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பம் வைத்தாள். கண்ணைத் திறந்தபோது அன்னப்பூரணி தன்னுடையதை எப்போதோ வைத்து முடித்திருந்தாள்.

பெட்டி கைக்கு வந்தது. பிளேயர் வரவில்லை. அது அலுவலகத்துக்கு வந்ததற்கே பதிவு இல்லாதபடியால் வெளியே போகவும் முடியாது. அடுத்த ஒரு கிழமைக்குள் ஜசிந்தன் செத்த செய்தி நன்றாக நடமாடியது. அவள் ஒப்பம் வைத்த கடிதத்தின் பிரதி கிராம சேவகருக்கு, அதன் பிரதி மாவட்டத்துக்கு, அதன் பிரதி கொழும்புக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. தெருவுக்கு விளக்குப் போடச் சொல்லி முப்பது வருசமாக எழுதிய கடிதம் ஒன்றும் ஊர்ப் பாலத்தைக்கூடத் தாண்டவில்லை.

சனிக்கிழமை காலையில் கேற்றைத் திறந்தால் பத்தடிப் பேனர். கறுப்புக் கண்ணாடி போட்ட ஜசிந்தன், பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, இரண்டு பக்கமும் புறா. கீழே அஞ்சலி செலுத்தும் இருபத்து மூன்று இளைஞர்களின் படங்கள். அவர்களில் சிலர் இறந்தவரைவிடப் பெரிதாக இருந்தார்கள்.

"என்னகா இது? அவன் உயிரோட இருக்கிறது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்கா," என்றாள் அன்னப்பூரணி. "ஆனா கடிதம் வந்திட்டே! பேனர் இல்லாட்டி உனக்கு ஆருமில்லயெண்டு ஊர் கதைக்கும். போன மாசம் செத்த மேசனுக்கே எட்டடி."

செபஸ்தியம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பிறகு இன்னொரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பத்தடி என்பது கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

துக்கம் விசாரிக்க நாற்பது பேர் கூடிவிட்டார்கள். பத்து மணிக்கு வினாயகமூர்த்தி, வெளியே போக முடியாத அந்தப் பிளேயரைத் தானே தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். பண்பாட்டுக்குப் பங்கம் இல்லையென்று அவர் சான்றிதழ் கொடுத்திருந்தார். ஆனால் முப்பது நாளில் ஏழு சீடிதான் பார்க்க முடிந்தது. கொலைகாரன் யாரென்று தெரியாமல் மனுசனுக்கு நித்திரை இல்லை. வந்த காரணத்தைக் கேட்டதற்கு, "விடுவிப்புக்குப் பின்னான கண்காணிப்பு," என்றார்.

முதலாவது சீடியில் ஜசிந்தன் வந்தான். புல்வெளியில் மெசினைத் தள்ளிக்கொண்டு நடந்தான், திரும்பினான், சிரித்தான். செபஸ்தியம்மா எழும்பிப் போய்த் திரையைத் தடவினாள். "என்ட புள்ள நடக்கிறான்! ஐயோ, மெலிஞ்சு போனானே!" கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "சேர், ஒருக்காத் திருப்பிப் போடுங்க சேர்."

"மறுகா பாக்கலாம்கா, கதை போகட்டும்," என்றாள் அன்னப்பூரணி. துக்கம் விசாரிக்க வந்த நாற்பது பேரும் அதை ஆமோதித்தார்கள். ஜசிந்தன் அலறினான், விழுந்தான், ஐஸ் பெட்டிக்குள் போனான்.

இரண்டாவது சீடி முடியுமட்டும் அவள் அழுதாள். மூன்றாவதில் மூக்கைச் சீறினாள். ஐந்தாவதில், கேக் சுடுகிறவள்தான் கொலைகாரி என்று அன்னப்பூரணியோடு சண்டை பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் முடியாததுமாக ஓடி வந்தாள். பின்னேரம் எட்டாவது சீடி. கொலை செய்த ஆள் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வீட்டில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்போது போன் அடித்தது.

"அம்மா! நான்தான். சொல்லாம வந்து உங்களத் திடுக்கிட வைப்பமெண்டு ஏறி வந்திட்டன். ஏர்போட்டில நிக்கிறன். வெளிய விடுறாங்க இல்ல அம்மா, நான் செத்திட்டனெண்டு கம்பியூட்டர் சொல்லுதாம். திருப்பி அனுப்பப் போறாங்களாம். தாய் ஒரு வார்த்த சொன்னா விடுவாங்களெண்டு நினைக்கிறன். ஆபீசர் பக்கத்திலதான் நிக்கிறார், போனக் குடுக்கிறன். நான் உயிரோட இருக்கிறனெண்டு மட்டும் சொல்லுங்க!"

டீவியில் ஒரு கை கதவுப் பிடியைத் திருகத் தொடங்கியது. நாற்பது பேரும் திரும்பி, "உஷ்!" என்றார்கள். வினாயகமூர்த்தி உதட்டில் விரலை வைத்தார்.

செபஸ்தியம்மா போனை வாயோடு ஒட்டிப் பிடித்தாள்.

"கொஞ்சம் பொறு மகன். உன்னக் கொலை செஞ்சது ஆரெண்டு இப்பத்தான் காட்டப்போறாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.