மூலை நாற்காலி நீதிமன்றம்

வழக்கைக் கேட்காமலே தீர்ப்பு எழுதும் பிறவிகள் சிலர் உண்டு. சட்டக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியிருக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் அப்படி ஒருவர். பட்டப்பெயர் ஜட்ஜு சார். தொழில், மின்விசிறி ரிப்பேர். நீதிமன்றம், சலூனின் மூலை நாற்காலி. பேப்பரை விரித்தால் போதும், பிக்பாக்கெட்டுக்கு ஆயுள், சைக்கிள் திருடனுக்கு ஒரு கை, முகம் பிடிக்காதவனுக்குத் தூக்கு என்று, சலூன்காரர் ஒரு தலையை முடிப்பதற்குள் அவர் பல தலைகளை முடித்துவிடுவார். மேல்முறையீடா? மூச்!

"அவன் என்ன சொல்றான்னு கேக்க வேண்டாமா சார்?" என்பார் சலூன்காரர்.

"திருடன் என்னய்யா சொல்வான்? போலீஸ் சும்மாவா புடிக்கும்?"

அந்தப் போலீஸ் போன வாரம் அவரையே பிடித்தது. ஸ்கூட்டர் திருட்டு. வண்டியில் உட்கார்ந்தபடியே, கையும் களவுமாக!

ஸ்டேஷனில் அவருக்கு ஒரே பயம். லாக்கப்பில் போட்டுவிட்டால் தெருவில் எப்படித் தலைகாட்டுவது? அந்தப் பயத்தில் எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு சட்டமும்!

"வக்கீல் வராம வாயத் தொறக்க மாட்டேன்! பேசாம இருக்கறது என் உரிமை! நிரூபிக்கிற வரைக்கும் நான் நிரபராதி!"

பேசாமலிருக்கும் உரிமையைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசினார்.

தகவல் கேட்டு ஓடிவந்த மனைவி, அவர் முழியைப் பார்த்ததும் நிதானமாகிவிட்டார். "விசாரணையே வேண்டாம்னு தினமும் சொல்ற மனுஷன் மேடம் இவர். ஆசைப்பட்டபடியே செஞ்சிடுங்க."

"அடிப்பாவி!"

பெண் இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "உக்காருங்க சார். உங்க தரப்பச் சொல்லுங்க."

சொன்னார். சலூன் வாசலில் ஒரே நிறத்தில் இரண்டு பழைய ஸ்கூட்டர்கள். அவருடைய சாவியோ தேய்ந்து தேய்ந்து எந்தப் பூட்டையும் திறக்கும். தீர்ப்பு சொன்ன வேகத்தில் பக்கத்து வண்டியில் ஏறிவிட்டார். ஆள் அனுப்பிப் பார்த்தால், அவருடைய வண்டி இன்னும் சலூன் வாசலிலேயே நின்றது. விட்டுவிட்டார்கள். ஜட்ஜு சார் அழுதே விட்டார், பாவம்.

மறுநாள் பேப்பரில் இன்னொரு ஸ்கூட்டர் திருடன்.

"இவனையெல்லாம் விசாரிக்கவே கூடாது!"

"சார், நேத்து நீங்க..."

"நான் வேறய்யா! நான் நிரபராதி!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் அவரைப் பிடித்தார்கள் என்று படித்ததுமே, அவர் பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே, 'நல்லா வேணும்' என்று ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, கனம் நீதிபதி அவர்களே, தங்களுக்கு எந்த சலூன்?