கொசுவலை வழக்கும் என் ரகசியப் பட்டியலும்

பெங்களூரில் ரகசியம் பேசுவதற்குச் சற்றும் உதவாத மொழி தமிழ். யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று முகத்தை வைத்தோ பெயரை வைத்தோ சொல்லவே முடியாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

லிங்கராஜபுரத்தில் அப்பாவுக்கு ஒரு சின்னப் பட்டறை. ஜன்னல்களுக்கு அலுமினியச் சட்டத்தில் கொசுவலை அடித்துக் கொடுப்பது தொழில். வைட்ஃபீல்டில் ஒரு புது அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றிருபது வீடுகளுக்கு வலை போடும் ஒப்பந்தம் கிடைத்தது. அப்பாவின் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர். நாற்பது வீடு முடிந்த நிலையில் "தாமதம்" என்று ஒற்றை வரி மெயில் அனுப்பி, ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார்கள். மிச்ச எண்பது வீட்டுக்கும் வெட்டிவைத்த சட்டங்கள் பட்டறையில் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. அந்த ஜன்னல்களைத் தவிர உலகத்தில் வேறு எந்த ஜன்னலுக்கும் அவை பொருந்தாது. (ஒன்றை எங்கள் சமையலறையில் வைத்துப் பார்த்தோம். பக்கத்தில் பூனை நுழையும் அளவுக்கு இடைவெளி.)

தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஆன்லைன் ஆர்பிட்ரேஷன் என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. இரு தரப்பும் சம்மதித்த ஒரு நடுவர் வீடியோவில் விசாரிப்பார். அவர் சொல்வதே தீர்ப்பு. வக்கீல் கட்டாயமில்லை.

"வக்கீல் எதுக்குப்பா? நான் இருக்கேன்ல" என்றேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் வேலையில் ஓட்டை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. என் வேலையிலும் ஓட்டை இருக்கலாம் என்ற எண்ணம் அதுவரை எனக்கு வந்ததே இல்லை.

எங்கள் பக்கம் நியாயம் இருந்தது. அங்கே சர்வீஸ் லிஃப்ட் மூன்று வாரம் கிடைக்கவில்லை. ஆறடிச் சட்டம் படிக்கட்டு வளைவில் திரும்பாது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு கோளாறும் இருந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் மாதா திருவிழாவுக்குக் கொடியேற்றம் முதல் தேர் வரை பத்து நாள் அப்பா பட்டறையைப் பூட்டிவிடுவார். கோயில் மைக் செட் அவர் பொறுப்பு. இதை ஒப்பந்தம் போடும்போது யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அதைச் சமாளிக்கலாம். சும்மா இருக்கவும் வராது. ஆகவே நான் எப்போதும் செய்வதைச் செய்தேன், பட்டியல் போட்டேன்.

1. கேட்டதற்கு மட்டும் பதில்.
2. "பாத்துக்கலாம் சார்" என்று சொல்லக் கூடாது.
3. திருவிழா பற்றி மூச்சு விடக் கூடாது.
4. மஞ்சுநாத் சாரை "கவர்னர்" என்று சொல்லக் கூடாது.
5. மாட்டிக்கொண்டால் இருமவும். நெட் போய்விட்டது என்று நான் வீடியோவை நிறுத்திவிடுவேன்.

(மஞ்சுநாத் அந்தக் குடியிருப்பின் ப்ராஜெக்ட் மேனேஜர். பின்னால் இரண்டு பேர் வராமல் எங்கும் நடக்க மாட்டார் என்பதால் அப்பா வைத்த பெயர்.)

அப்பா கண்ணாடி போட மாட்டார். அதனால் லேப்டாப் திரையின் வலது பாதியில், தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்தும் படிக்கும் அளவு எழுத்தில் பட்டியலைத் திறந்து வைத்தேன். நடுவரின் பெயர் ஷைலஜா ராவ்.

"அந்த மேடத்துக்குத் தமிழ் தெரிஞ்சா?" என்றார் அப்பா.

"ராவ்ப்பா."

"அதனால?"

"அதனால தெரியாது."

சனிக்கிழமை காலை, எங்கள் சாப்பாட்டு மேஜையில், ஆங்கிலமும் கன்னடமுமாக விசாரணை தொடங்கியது. திரையின் ஒரு கட்டத்தில் மேடம், இன்னொன்றில் எதிர்த் தரப்பாக மஞ்சுநாத். நான் நிதானமாகப் பேசினேன். ஆதாரங்களை வரிசை எண்ணோடு அடுக்கினேன். "சர்வீஸ் லிஃப்ட் பழுது" என்று அங்கே ஒட்டியிருந்த நோட்டீஸின் படத்தைக் காட்ட, ஸ்க்ரீன் ஷேரை அழுத்தினேன். படத்தை மட்டும் காட்டவா, முழுத் திரையையுமா என்று கேட்டது. (ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, முழுத் திரையைக் காட்டாதீர்கள் என்று பாடம் எடுப்பவளே நான்தான்.) முழுத் திரையை அழுத்தினேன்.

மேடம் முன்னால் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். நோட்டீஸை எவ்வளவு அக்கறையாகப் படிக்கிறார் என்று பூரித்துப்போனேன். பிறகு அவர் அப்பாவிடம் கன்னடத்தில், செப்டம்பர் தொடக்கத்தில் உங்கள் பக்கம் வேலை ஏதாவது நின்றதா என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"மூணாம் நம்பர்ப்பா" என்றேன், உதடு அசையாமல்.

அப்பா இருமினார். சாதாரண இருமலா அது? மேஜை ஆடியது. சமையலறையிலிருந்து அம்மா தண்ணீரோடு ஓடி வந்தாள். "மேடம், நெட்வொர்க் ப்ராப்ளம்" என்று சொல்லிக்கொண்டே நான் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினேன்.

"இருமாதீங்கண்ணா, தண்ணி குடிங்க" என்று ஸ்பீக்கரிலிருந்து சுத்தமான தமிழ் வந்தது. "அஞ்சாவது பாயிண்ட் நானும் படிச்சிட்டேன். நெட்டு நல்லாத்தான் இருக்குது, கண்ணு. கைய எடு."

"மேடம்... உங்களுக்குத் தமிழ்..."

"கேஜிஎஃப்ல பொறந்தவ, கோலார் தங்க வயல். அங்க பாதி ஊரு தமிழ்தான். எங்கப்பா மைன்ஸ்ல இருந்தாரு. ராவு எங்க வூட்டுக்காரரு பேரு."

அத்தோடு விட்டாரா? நடுவர் பார்த்தது இரு தரப்புக்கும் தெரிய வேண்டும், அதுதான் முறை என்று சொல்லி, ஐந்து அம்சங்களையும் மஞ்சுநாத்துக்குக் கன்னடத்தில் மொழிபெயர்த்தார். நான்காவதையும். என் காது இரண்டும் தோசைக்கல் மாதிரி கொதித்தன.

அப்பா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார். "பூட்டியிருந்தேன் மேடம். பத்து நாளு. மாதா திருவிழா. முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லல. எங்க மேல தப்புதான்."

எண்பது வீடும் போயிற்று என்று நினைத்தேன். அந்தச் சட்டங்களைப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போட வேண்டும்.

மஞ்சுநாத் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். (இருமல் என்று நினைத்து அப்பா பதறிப்போய் என்னைப் பார்த்தார்.) லிஃப்ட் பழுதே இல்லை, சும்மா ஒட்டிய நோட்டீஸ் அது என்று கன்னடத்தில் சொன்னார். லிஃப்ட் கதவுக்கு முன்னால்தான் அவர்கள் கணேஷா பெண்டால், அதாவது பிள்ளையார் பந்தல், போட்டிருந்தார்களாம். விழா முடிந்தும் பிரிக்கவில்லை. மூன்று வாரம் அப்படியே நின்றிருக்கிறது.

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆக, ரெண்டு பேரும் சாமி கும்புட்டிருக்கீங்க. பேப்பர்ல மட்டும் யாரும் எழுதல."

அரை மணியில் சமரசம் ஆயிற்று. ரத்தை வாபஸ் வாங்கினார்கள். மிச்ச வேலைக்கு இரண்டு மாதக் கெடு. அதையே தீர்ப்பாக எழுதினார் மேடம். கடைசியாக நான் மெல்ல, அந்தப் பட்டியலைப் பதிவிலிருந்து நீக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது. எழுத்துப் பிழை ஒண்ணும் இல்ல, இருக்கட்டும்" என்றார்.

கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாகவே எண்பது வீட்டிலும் வலை மாட்டியாயிற்று. மஞ்சுநாத் இப்போதெல்லாம் அப்பாவுக்குப் போன் செய்தால், "கவர்னர் பேசறேன்" என்று தமிழில்தான் ஆரம்பிக்கிறார். போன மாதம் கிளப் ஹவுஸுக்கும் வலை போடச் சொன்னார். புது ஒப்பந்தத்தில் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் தாளை எடுத்து, ஒன்று என்று போட்டு வட்டமிட்டேன்.

"இந்த தபா லத்தீன்ல எழுதும்மா" என்றாள் அம்மா.

"வேணாம், வேணாம்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார் அப்பா. "நம்ம கோயில் ஃபாதருக்கு லத்தீன் தெரியும்."