ரத்துக்குக் கட்டமில்லை

2004ஆம் வருஷம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. ஆடிக்காற்று உத்திரமேரூர் ஏரிக்கரைப் புழுதியை அள்ளிவந்து மண்டபத்து ஜன்னல் வழியே கொட்டியது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. அந்த நிமிஷத்தில்தான் என் கல்யாணத்தை இரண்டாம் முறை நிச்சயம் செய்தேன். மணப்பெண்ணுக்குத் தெரியாது. மாப்பிள்ளையான எனக்கும் தெரியாது.

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஒரு கல்யாண மண்டபத்தில் மேனேஜராக உட்கார்ந்திருந்தேன். (மேனேஜர் என்றால் ஒரு சாவிக்கொத்து, அப்புறம் கரண்ட் பில் பற்றிய கவலை.) ஆவணியில் எனக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று என் மனைவி சரோஜா ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இலைக்கு இவ்வளவு, இத்தனை இலை என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, "பாக்கலாம்" என்பேன். அன்று ராத்திரி தூக்கம் வராது.

அந்தச் சமயத்தில் மண்டபத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புரோகிராம் செய்யும் வேலையை முதலாளி என் தங்கை மகன் பாஸ்கரிடம் கொடுத்தார். அவன் ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, பெரிய தாளை விரித்து, மண்டபத்தில் என்னென்ன நடக்கும் என்று கேட்பான். நான் சொல்லச் சொல்லக் கட்டம் போடுவான். கட்டத்துக்குக் கட்டம் அம்புக்குறி.

"புரோகிராம நான் கையால எழுதப் போறதில்ல மாமா. இந்தப் படத்த உள்ள குடுத்தா கம்ப்யூட்டரே எழுதிக்கும். படத்துல இல்லாதது எதுவும் அதுல இருக்காது. நல்லா யோசிச்சு சொல்லுங்க."

யோசித்தேன். முன்பதிவுக் கட்டத்திலிருந்து சமையல், மைக்செட், மேளம், பூ என்று நான்கு அம்பு போடச் சொன்னேன். தேதி உறுதியானதும் நான்கு பேருக்கும் தானாகச் சீட்டு அச்சாக வேண்டும். அதை வாட்ச்மேன் ஏகாம்பரம் கேள்வி கேட்காமல் உடனே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். (ஒருதரம் மேளக்காரருக்குச் சொல்ல மறந்து, தாலி கட்டும்போது அண்டாவைத் தட்டினோம்.)

"சரி மாமா, கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"அடச்சீ! மண்டபத்துல குந்திகினு இன்னா பேச்சுடா பேசுற? வாயக் கழுவு!"

"இல்ல மாமா, ரத்து பண்றதுக்கு ஒரு கட்டம்..."

"இங்க எந்தக் கல்யாணமும் நின்னதில்ல."

பச்சைப் பொய். நோட்டில் முன்பதிவையெல்லாம் பென்சிலால்தான் எழுதுவேன். நின்றுபோனால் யாரிடமும் மூச்சு விடாமல் ரப்பரால் அழித்துவிடுவேன். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது? பாஸ்கர் படத்தின் மூலையில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டான்.

ஆடியில் மண்டபம் காலி. அதனால் பாஸ்கர் ஒரு நாள் லீவு போட்டுத் தங்க, சோதனையை அந்தத் திங்கட்கிழமை வைத்துக்கொண்டோம்.

"சும்மா ஒரு புக்கிங் போட்டுப் பாருங்க மாமா. எதனா பேரு."

எதனா பேரா? நான் பாட்டுக்கு ஒரு பேரை அடித்து, அந்தப் பேரில் எங்கேயோ இருக்கும் ஒருத்தனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கடைசியில் என் பேரையும் சரோஜா பேரையும் அடித்தேன். எங்களுக்குத்தான் ஆக வேண்டியதெல்லாம் ஆகிவிட்டதே. தேதி? சரோஜா சொல்லிச் சொல்லி மனசில் பதிந்துபோன ஒரே தேதி, என் நட்சத்திரம் வரும் ஆவணி பதினொன்று. அதையே போட்டேன். பிரிண்டர் நான்கு சீட்டைத் துப்பியது.

"டெஸ்ட் பாஸ் மாமா!"

"சரி, அழிச்சிடு."

"எப்டி அழிக்கறது? ரத்துக்குக் கட்டமே இல்லியே. நீங்கதான வாயக் கழுவச் சொன்னீங்க?"

படத்தில் கட்டத்தைச் சேர்த்து, புரோகிராமை மறுபடி எடுத்துவர அடுத்த ஞாயிறு ஆகும் என்றான். டீ குடித்துவிட்டு வரலாம் என்று இருவரும் போனோம். திரும்பி வந்தால் பிரிண்டரில் சீட்டு இல்லை.

"ஏகாம்பரம், இங்க இருந்த சீட்டு?"

"நாலு பேருக்கும் குடுத்துகினு வந்துட்டேன் சார். ஒரே குஷி! பூக்காரம்மா உங்களுக்கு ரோஜா மாலதான்னு சொல்லிடுச்சு. இம்மாம் நாளா வெளியவே வுடாம வச்சிகினு இருந்தீங்களே, கில்லாடி சார் நீங்க!"

சைக்கிளை மிதித்த மிதியில் செயின் இருமுறை கழன்றது. வீட்டில் எனக்கு முன்னால் சமையல்காரர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க புதுமாப்ள! பாயசம் சேமியாவா, பருப்பா?"

சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்ட கூட சொல்லாம எல்லாம் ஏற்பாடு பண்ணிகினு கீறீங்க. நான் உங்கள கஞ்சம்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறேன்."

வாயைத் திறந்தேன். 'அது சும்மா சோதனை, கல்யாணமெல்லாம் கிடையாது' என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். "பருப்பு" என்றுதான் வந்தது.

அந்த வாரம் முழுக்க வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாஸ்கர் மண்டபத்துக்கு வந்தான்.

"ரத்துக் கட்டம் ரெடி மாமா. ஒரே தட்டு, கல்யாணம் காலி."

விரலை வைத்தேன். வெளியே மேடையில், மானாம்பதியிலிருந்து வந்திருந்த தன் அக்காவுக்கு சரோஜா இடம் காட்டிக்கொண்டிருந்தாள். "அவுரு இங்க, நான் இங்க. இந்தத் தபா நான் தலய நிமுத்திகினுதான் குந்துவேன்."

"எவன்டா அதுல கை வைக்கறது?" என்று கத்தினேன். வைத்திருந்தது நான்தான்.

இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் அறுபதாம் கல்யாண ஆல்பத்தின் பெயர் 'டெஸ்ட் கல்யாணம்'. நான் எதையாவது வேண்டாம் என்றால் போதும், "அதுக்குக் கட்டம் போட்டு கீதா?" என்பாள் சரோஜா.

அன்று முதலாளி எனக்கு வாடகையில் பாதியைக் குறைக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. தள்ளுபடி கேட்டு யாரும் வந்துவிடக் கூடாது என்று, அதற்கும் கட்டம் வேண்டாம் என்று சொன்னவன் நானேதான். ஆக, அந்தக் கல்யாணத்துக்கு ஆன செலவு, முழு வாடகையோடு சேர்த்து, அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பத்தேழு ரூபாய்.