ஜோடிச் சாப்பாடு மூணே ரூபாய்

"எத்தனை பிள்ளைக?" என்று கல்லாவில் இருந்த பொன்னுராஜ் கேட்டதும், ஞானசிகாமணி "ஒரு பையன்" என்றான், கிருபாவதி "ஒரு பொண்ணு" என்றாள். இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

பொன்னுராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது.

"ஆக ஆண் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு! அம்சமா இருக்கு போங்க!"

இப்படித்தான், கல்யாணமே ஆகாத ரெண்டு பேர், எழுபத்தெட்டாம் வருசம் ஆவணி மாசத்துச் சனிக்கிழமை ஒன்றில், தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டல் வாசலில் நின்றபடியே ரெண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனும் தாயும் ஆனார்கள்.

எல்லாம் ஒரு நோட்டீஸால் வந்த வினை. ஞானசிகாமணி ஒரு பருத்தி கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளை. வயசு முப்பத்து நாலு. கிருபாவதி அதே மண்டியில் டைப்பிஸ்ட். வாரம் முழுக்கத் தேனியில் பெண்கள் விடுதியில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் வருசநாட்டுக்குப் போவாள். அங்கே அவள் அப்பா பள்ளிக்கூடத்து வாத்தியார். மண்டி ஒரு மணிக்கு அடைத்துவிடும். வருசநாட்டு பஸ் மூணு மணிக்கு. அவனுடைய ஓடைப்பட்டி பஸ் அதற்கும் பிறகு. நடுவில் ரெண்டு மணி நேரம் பசிதான்.

ஆனி மாசம் புது ஓட்டல் திறந்தபோது அந்த நோட்டீஸைக் கொண்டுவந்து அவன் மேஜைமேல் வைத்தவள் கிருபாவதிதான்.

"பாத்தீகளா சார்? புருசன் பொண்டாட்டியா வந்தா ரெண்டு சாப்பாடு மூணே ரூவாயாம். தனியாப் போனா ஆளுக்கு ரெண்டு."

"அதுக்கு நமக்கென்ன?"

"ஆளுக்கு ஒண்ணரை ரூவாதான் ஆகும். அம்பது பைசா மிச்சம்." டைப் மெஷினுக்கு உறை போட்டுக்கொண்டே சொன்னாள். "பொம்பளை நான் தனியா ஓட்டலுக்குள்ள போக முடியுமா? சனிக்கிழமை வீடு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணிதான்."

அவன் நோட்டீஸை எடுத்துப் படித்தான்.

"ஆனா ஒண்ணு சார். சலுகை இருக்கிற வரைக்கும்தான். அது நின்னுபோச்சுன்னா நானும் வரமாட்டேன். வீணா எதுக்குக் கெட்ட பேரு?"

பேரேட்டில் ஒரு பைசா இடித்தாலும் நாள் முழுக்க உட்கார்ந்து தேடுகிற ஆசாமி அவன். அவ்வளவு பேச்சில் அவன் மண்டையில் ஏறியது, சலுகை நின்றால் வரமாட்டேன் என்ற அந்த வார்த்தை மட்டும்தான். ஒரு பெண் தானாக வந்து சாப்பிடக் கூப்பிட்டாளே, அது ஏறியதா? ஏறவில்லை. கணக்குப்பிள்ளை புத்தி அப்படி.

முதல் நாளே சிக்கல். குடும்ப அறைத் திரையை விலக்கப்போனவர்களைப் பொன்னுராஜ் நிறுத்தினார். கிருபாவதியின் கழுத்தைப் பார்த்தார்; தாலி இல்லை. நெற்றியைப் பார்த்தார், பொட்டு இல்லை.

"இவுக உங்க சம்சாரமா தம்பி?"

"நாங்க வேதக்காரங்க அண்ணே. எங்க சபையில நகை நட்டே போடக் கூடாது" என்று ஞானசிகாமணி அடித்துவிட்டான். அவனுடைய சபையில் பாஸ்டர் அம்மாவே எட்டு வளையல் போட்டிருந்தாள்.

"அப்ப காதுல கிடக்கிறது?"

கிருபாவதியின் காதில் சிவப்புக்கல் தோடு பளபளவென்று மின்னியது.

"அதைத்தான் கழட்டச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது" என்றான் அவன். பொன்னுராஜ் சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஓட்டலுக்கு முந்தின புளியமரத்தடியில் நின்று, கிருபாவதி தோட்டைக் கழற்றி அவனிடம் கொடுப்பாள். அவன் அதைச் சட்டைப் பையில், பேனாவுக்கு அடியில் வைத்துக்கொள்வான். சாப்பிட்டு வெளியே வந்ததும் அதே மரத்தடியில் திருப்பிக் கொடுப்பான். அந்த ஒரு மணி நேரம் அது நெஞ்சுக்கு நேராகக் கிடக்கும். மத்த ஆறு நாளும் அந்த இடம் அவனுக்கு வெறுமையாக இருந்தது. ஆசைதான். வேறென்ன?

ஆடி பிறந்ததும் வாசலில் கட்டியிருந்த சலுகை போர்டைக் காணோம். ஞானசிகாமணி படியேறாமல் நின்றுவிட்டான்.

"போர்டை எடுத்துட்டாக போலயே..."

"நான் கேட்டுட்டேன் சார்" என்றாள் அவள் சட்டென்று. "பழைய ஆளுகளுக்கு உண்டாம். உங்க ஒண்ணரையை என் கையில குடுங்க. பொம்பளை பணம் குடுத்தாத்தான் குடும்பம்னு நம்புவாக."

அவனும் போன உயிர் திரும்பி வந்தவனாகக் கொடுத்தான். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. பரிமாறுகிற சின்னக்கருப்பு பில்லை அவளிடம் நீட்டுவார். அவள் போய்க் கல்லாவில் கட்டுவாள். இவன் புளியமரத்தடியில் காத்திருப்பான்.

ஆவணியில்தான் முதலில் சொன்ன பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பொன்னுராஜுக்குப் பிள்ளை கிடையாது. அதனால், இல்லாத அந்தப் பிள்ளைகள்மேல் மனிதர் உயிரையே வைத்துவிட்டார். வாராவாரம் ரெண்டு அல்வாப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

"பையனுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு. பேரு என்ன?"

கிருபாவதி நிதானமாக, "ஏசுதாசன், ஜெபராணி" என்றாள். முன்னமே யோசித்து வைத்திருந்தவள் மாதிரி சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். மகன் பங்கை அவன் ஓடைப்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்பான். சீலையம்பட்டி தாண்டும்போதெல்லாம், இந்த ஏசுதாசன் உண்மையிலேயே இருந்தால் இப்போது மடியில் தூங்கிக்கொண்டு வருவான் என்று தோன்றும். தொண்டை அடைக்கும். அல்வாவும் சேர்ந்து அடைக்கும்.

கட்டிக்கிறீகளா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டு, அவள் முகம் சுளித்தால்? இருக்கிற சனிக்கிழமையும் போய்விடுமே. அவள் வருவது அம்பது பைசா மிச்சத்துக்கு. அதை அவளே சொன்னாளே. அவன் வாயை மூடிக்கொண்டு, தன் இலையிலிருந்த மீன் வறுவலில் பாதியை அவள் இலைக்குத் தள்ளினான். அவள் தன் அப்பளத்தை இந்தப் பக்கம் தள்ளினாள். அதோடு சரி.

"பிள்ளைகளைக் கண்ணுல காட்ட மாட்டேங்கிறீகளே" என்று பொன்னுராஜ் நச்சரிக்க ஆரம்பித்தார்.

"வருசநாட்டுல தாத்தா வீட்டுல படிக்குதுக அண்ணே."

"பரீட்சை லீவு விட்டாச்சுல்ல? கூட்டிட்டு வாங்க."

"அது... அம்மை போட்டிருக்கு."

அவனுக்கு அப்போதைக்கு வாயில் வந்தது அதுதான். பொன்னுராஜ் பதறிப்போனார். இளநீர் ஆறு, வேப்பிலைக் கொத்து ஒன்று, எல்லாவற்றையும் பஸ்வரை சின்னக்கருப்பிடம் கொடுத்தனுப்பினார். அடுத்த வாரம் இவர்கள் படியேறும்போதே கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்க வேதக்காரகளா இருந்தா இருந்துட்டுப் போங்க. ஆத்தாளுக்கு எல்லாப் பிள்ளையும் ஒண்ணுதான். ரெண்டுக்கும் அம்மை இறங்குனா, சித்திரையில வீரபாண்டி மாரியம்மன் கோயில்ல நானே அக்கினிச் சட்டி எடுக்கிறதா நேந்துக்கிட்டேன்."

ஞானசிகாமணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பிறக்காத பிள்ளைகளுக்கு வராத அம்மைக்காக ஒரு நல்ல மனுசன் தீச்சட்டியைக் கையில் ஏந்தப்போகிறார். இந்தப் பாவம் எந்த ஜெபத்தில் கரையும்?

பங்குனி நடுவில் இன்னொரு இடி விழுந்தது. ரசம் ஊற்றிச் சாப்பிடும்போது கிருபாவதி தலை நிமிராமல் சொன்னாள்.

"அடுத்த வாரம் முடிஞ்சு திங்கக்கிழமை எனக்கு லீவு சார். கம்பத்துலருந்து என்னையப் பாக்க வாராக. மாப்பிள்ளை வாத்தியாராம்."

அவனுக்குப் புரையேறியது. அவள் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"உங்களுக்குச் சம்மதமா?"

"என் சம்மதத்தை யாரு கேட்டா?" என்று அவனையே பார்த்தாள்.

விவரம் தெரிந்த எவனும் அந்த இடத்தில் கேட்டிருப்பான். நம்ம ஆள் வேறு கணக்கில் இருந்தான்.

"கம்பத்துலருந்து வாரவுக தேனியில பஸ் மாறணும். பொம்பளைக கூட வருவாக. குடும்ப அறை இருக்கிற ஓட்டல் இது ஒண்ணுதான். இங்கனதான் சாப்பிடுவாக. இந்த அண்ணன் யாரைக் கண்டாலும் ஊர் விவரம் கேட்பாரு. நம்ம கிருபாவதியா, ரெண்டு பிள்ளைக்குத் தாயாச்சேம்பாரு. உங்க வாழ்க்கையே போச்சு!"

"சொன்னா சொல்லட்டும்" என்று கை கழுவ எழுந்துவிட்டாள்.

அன்று புளியமரத்தடியில் நிற்காமலே போய்விட்டாள். தோடு அவனிடமே தங்கிவிட்டது. மண்டியில் நாலு பேர் முன்னால் எப்படிக் கொடுப்பது? வாரம் முழுக்கச் சட்டைப் பையிலேயே சுமந்தான்.

அடுத்த சனிக்கிழமை மண்டி அடைத்ததும் அவளே கேட்டாள்.

"தோட்டைக் குடுங்க சார். திங்கக்கிழமை போட்டுக்கணுமாம்."

கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. "வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றான்.

அவள் அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். அது புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

"இன்னைக்கு எனக்குச் சாப்பாடு வேணாம். பஸ் ஸ்டாண்டுலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஞானசிகாமணி ஒன்றரை மணி நேரம் பஜாரைச் சுற்றினான். பிறகு ஒரு முடிவுக்கு வந்தான். அவளைத்தான் கட்ட முடியாது. அவள் பேரையாவது காப்பாற்றிக் கொடுப்போம். சைக்கிள் வாங்கச் சேர்த்துக் கையோடு வைத்திருந்த பணத்திலிருந்து முப்பத்தாறு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு ஓட்டல் படியேறினான்.

"தங்கச்சி எங்க தம்பி? பிள்ளைகளுக்கு மறுபடி சுகமில்லையா?" என்றார் பொன்னுராஜ்.

"அண்ணே... பிள்ளைக இல்லண்ணே."

பொன்னுராஜ் முகம் வெளிறியது. "ஐயய்யோ! ரெண்டுமா?" நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஏலே சின்னக்கருப்பு, அடுப்பை அணைடா! கடையைச் சாத்துடா! ஆத்தா, நான் சட்டி எடுக்கிற வரைக்கும் உனக்குப் பொறுக்கலையா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி இலையில் எழுந்தார்கள். ஒரு பெரியவர் தோளிலிருந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"அண்ணே, அழுகாதீக! சாகலைண்ணே. அதுக பிறக்கவே இல்லை!"

"பிறக்காமலா அம்மை போட்டுச்சு?"

"அம்மையும் பொய்யி. எங்களுக்குக் கல்யாணமே ஆகலைண்ணே."

"கல்யாணம் ஆகாமலா ரெண்டு?"

ஞானசிகாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. பையில் கைவிட்டு ரூபாயை அள்ளிக் கல்லாமேல் வைத்தான். அதோடு சேர்ந்து சிவப்புக்கல் தோடும் வந்து விழுந்து உருண்டது.

"சலுகைக்காகப் பொய் சொல்லிட்டோம். வாரத்துக்கு ஒரு ரூவா உங்களை ஏமாத்தியிருக்கேன். முப்பத்தாறு வாரம், முப்பத்தாறு ரூவா. எண்ணிக்கிருங்க. அவுக மேல ஒரு தப்பும் இல்லை. பாவம், அம்பது பைசா மிச்சமாகுதுன்னுதான் என்கூட வந்தாக. எனக்குத்தான்..." தோட்டைப் பார்த்தான். "எனக்குத்தான் அவுக இல்லாம சோறு இறங்காது. அது என்னோட போகட்டும். திங்கக்கிழமை கம்பத்துக்காரக வந்தா, அவுகளைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிராதீகண்ணே."

பொன்னுராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரூபாயைப் பார்த்தார், தோட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி ரெண்டே முக்கால். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"அது கிடக்கட்டும், நேந்துக்கிட்ட தீச்சட்டியை நான் என்னய்யா செய்யிறது?" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "அதென்ன, சலுகை?"

பாதி இலைகளை எடுத்துக்கொண்டிருந்த சின்னக்கருப்பு நிமிர்ந்தார்.

"எந்தச் சலுகைண்ணே? அது ஆனி மாசத்தோட நின்னுபோச்சே! அன்னையிலருந்து அக்காதான் வாராவாரம் முழுசா நாலு ரூவா கட்டிட்டு, ‘சலுகை இல்லேன்னு தெரிஞ்சா அவுக வரமாட்டாக, சொல்லிராதீக’ன்னு என்கிட்டக் கெஞ்சிட்டுப் போறாக."