சின்னையாவின் தப்பு நோட்டு

செய்த தப்பை இரண்டாம் தடவை செய்வதில்லை என்று சின்னையா சபதம் எடுத்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கிளப்பில் ராதாகிருஷ்ணனிடம் மூன்றாவது ஞாயிறாகச் சதுரங்கத்தில் தோற்றுத் திரும்பிய அன்று எடுத்த சபதம் அது. ரயில்வே குமாஸ்தா அல்லவா? உடனே ஒரு நோட்டுப் போட்டார்.

ஆபீஸ் விட்டு வந்ததும் கூடத்தில் பலகையை விரிப்பார். தோற்ற ஆட்டத்தை, இரண்டு பக்கமும் தானே ஆடி, உரக்கப் பேசி ஆராய்வார்.

"இங்கே குதிரையை எடுத்திருக்கணும். புத்தி எங்கே போச்சு?"

"ஆமாங்க, எங்கே போச்சு?" என்பாள், பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கும் மனைவி வள்ளியம்மா.

'தப்பு 1: சும்மா கிடைக்கிற சிப்பாயைக் கண்டால் கை நிற்பதில்லை. தப்பு 2: அந்த நேரத்தில் சொந்த ராஜா ஞாபகம் வருவதில்லை.' எவ்வளவு நேர்மை பாருங்கள்! எழுதி முடித்ததும் நோட்டை அரிசி டப்பாமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போவார். ஆறு வாரத்தில் இருபத்தாறு தப்பு சேர்ந்தது. ராதாகிருஷ்ணன் மட்டும் தோற்கவில்லை.

பத்தாவது ஞாயிறு காலை, கிளப்புக்குச் சட்டை மாட்டியவரை வள்ளியம்மா மறித்தாள்.

"ஏங்க, கிள்ளான்ல என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்து மூணு மாசமாச்சு. இன்னும் முகம் பார்க்கல. ரயில் பாஸ் வேற இந்த மாசத்தோட முடியுது."

"அடுத்த ஞாயிறு பார்ப்போம். இன்னைக்கு ராதாகிருஷ்ணன் மண்ணைக் கவ்வணும்."

"அப்போ என்னோட ஒரு ஆட்டம் ஆடுங்க. நீங்க ஜெயிச்சா எல்லா ஞாயிறும் கிளப்புதான், நான் வாயே திறக்கல. நான் ஜெயிச்சா பத்தரை ரயில்ல கிள்ளான்."

சின்னையா சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டுக் கோழி கூரை ஏறியது.

"குதிரை எப்படிப் போகும்னாவது தெரியுமா உனக்கு?"

"கோணலாப் போகும். உங்களைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

ஆட்டம் சூடு பிடித்தது. ஓரத்தில் வள்ளியம்மாவின் சிப்பாய் ஒன்று நாதியற்று நின்றது. சின்னையாவின் கை நின்றதா? கடைசி வரிசையில் காவல் இருந்த ராணியைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்.

"ஐயோ, அதைக் கவனிக்கலையே!" என்று வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மூடியபடியே யானையை நேராக அவருடைய கடைசி வரிசைக்குத் தள்ளினாள்.

"செக்."

ராஜாவுக்கு நகர இடமில்லை. அவருடைய சிப்பாய்களே மூன்று பேர் வழியை அடைத்து நின்றார்கள்.

சின்னையாவுக்கு முதலில் கோபம் வந்தது. பலகையைப் பார்க்கப் பார்க்க அது போய்விட்டது. ராதாகிருஷ்ணனுக்குக்கூட இத்தனை அழகாக முடிக்கத் தெரியாது. நம் வீட்டில் இப்படி ஒரு ஆட்டக்காரியா என்று பெருமையாகவே இருந்தது.

"பிரமாதம் வள்ளி! எப்படிக் கத்துக்கிட்ட?"

"நீங்கதானே தினமும் சத்தம் போட்டுச் சொல்லிக் கொடுத்தீங்க? கிளம்புங்க, நேரமாச்சு."

ரயில் புறப்பட்டதும், பழக்க தோஷத்தில், தோற்ற ஆட்டத்தை ஆராய, கையோடு எடுத்து வந்த நோட்டைத் திறந்தார். நேற்றே மை காய்ந்துபோன வள்ளியம்மாவின் குண்டு எழுத்து அங்கே காத்திருந்தது:

'தப்பு 27: இத்தனையும் எழுதி அரிசி டப்பாமேல் வைத்தது.'