வாய்ப்பூட்டு வார இறுதி

இந்த வருடம் என்ன ஆனாலும் சரி, ஏரியில் இறங்குவதில்லை. செப்டம்பர் முடிவதற்குள்ளேயே இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டேன். ஒருமனதாக. ஓட்டுப் போட்டது நான் ஒருவன்தான்.

அக்டோபரில் கனடாவின் நன்றி நவிலும் நாள் விடுமுறை வந்தால் போதும், என் மனைவி லோர்னாவின் அண்ணன் கீத் சட்பரியிலிருந்து கிளம்பி எங்கள் பீட்டர்பரோ வீட்டு வாசலில் வந்து இறங்குவார். வான்கோழி சாப்பிட வருகிறார் என்று நினைத்தால் தப்பு. எங்கள் ஏரிக்கரை வீட்டின் மரப் படகுத்துறையைக் கழற்ற வருகிறார். ஏரி உறைந்தால் பனிக்கட்டி அதை நொறுக்கிவிடும். அதற்குள் கரையேற்றியாக வேண்டும். கீத் கரையில் நின்று கயிறு பிடிப்பார். லோர்னா கரையில் நின்று யோசனை சொல்வாள். மார்பளவு தண்ணீரில் நின்று போல்ட் கழற்றுவது நான். போன வருடம் வெளியே வந்தபோது எனக்குக் கால்விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று லோர்னாதான் குனிந்து பார்த்துச் சொன்னாள்.

கீத் பிளம்பர். உழைப்பு என்றால் உடம்பு நனைய வேண்டும் என்பது அவர் கட்சி. நானோ வீடியோ கேம்களையும் புதிதாக வரும் மின்சாதனங்களையும் வீட்டில் வைத்துப் பயன்படுத்திப் பார்த்து, பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன். எந்தப் பத்திரிகையிலும் வேலையில் இல்லை. சுதந்திர எழுத்தாளன். அதாவது, எந்த ஆசிரியர் எதை எழுதச் சொன்னாலும் மாட்டேன் என்று சொல்லும் சுதந்திரம் இல்லாதவன்.

"என்ன மாப்ள, இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கியா?" இதுதான் ஒவ்வொரு வருடமும் கீத் வண்டியிலிருந்து கீழே கால் வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி. ஆளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிடும் கேள்வி.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புது கேம் கடைக்கு வருவதற்கு முன்பே எங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். கூடவே ஒரு நிபந்தனை: இன்ன தேதி, இன்ன நேரம் வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை வெளியே வரக்கூடாது. நான் அதை வாய்ப்பூட்டு என்பேன். அந்தப் பூட்டை எடுத்து இந்த வருடம் ஏரிக்கே போட்டுவிடுவது என்பதுதான் என் திட்டம்.

வியாழக்கிழமை லோர்னா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு போய் நின்றேன்.

"லோர்னா, ஒரு சங்கடம்."

"சொல்லு."

"சொல்ல முடியாது. அதான் சங்கடம்."

"சரி, சொல்லாத."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இல்ல, கொஞ்சம் சொல்லலாம். ஒரு கேம் வந்திருக்கு. பெரிய கேம். பேரைக்கூட வெளிய விடக்கூடாது. திங்கட்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாய்ப்பூட்டு. அதுக்குள்ள ஆடி முடிச்சு எழுதியாகணும்."

"என்கிட்ட கூடவா சொல்லக்கூடாது?"

"பொண்டாட்டிகிட்ட கூட மூச்சு விடக்கூடாதுன்னு போட்டிருக்கான்."

"அப்ப படகுத்துறை?"

"அடடா! இந்த வாரமா அது? சுத்தமா மறந்தே போச்சு பாரேன்!" நெற்றியில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் பலமாகவே பட்டுவிட்டது.

"பாவம், நீ என்ன பண்ணுவ. நீ கீழ போய் வேலையப் பாரு. நாங்க சமாளிச்சுக்கறோம்."

"உனக்குக் கோவம் இல்லயே?"

"எனக்கு எதுக்குக் கோவம்? ஆமா, கதவைத் தட்டலாமா?"

"கூடாது."

"சாப்பாடு?"

"படியில வெச்சிடு."

"ரொம்பக் கஷ்டமான தொழில்தான் உன்னோடது" என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள்.

இத்தனை வருடக் குடித்தனத்தில் லோர்னா எதற்கும் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதில்லை. நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெருமைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நிலவறைக்குள் இறங்கினேன். கம்பளிச் செருப்பு, ஹீட்டர், ஒரு கூடை சிப்ஸ். ரகசியத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று போனையும் அணைத்து வைத்தேன். புது கேம் ஒன்றும் இல்லை. ஊர் உலகமே ஆடி அலுத்த ஒரு பழைய மீன்பிடி கேமை எடுத்துப் போட்டேன். அதிலும் ஏரி, அதிலும் படகுத்துறை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. யாரும் எதையும் கழற்றச் சொல்லவில்லை. தூண்டிலை வீசிவிட்டுக் காலை நீட்டினேன். நான் பிறந்ததே இந்த வார இறுதிக்காகத்தான் என்று பட்டது.

சனிக்கிழமை கொஞ்சம் உறுத்தல் ஆரம்பித்தது. அண்ணனும் தங்கையும் ஏரிக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் மேலே ஹாலில் காலடிச் சத்தம். டிவி சத்தம். திடீரென்று லோர்னா "ஆ!" என்கிறாள். கீத் கைதட்டுகிறார். படியேறிப் போய்க் கதவில் வாயை வைத்தேன்.

"லோர்னா! ஏரிக்குப் போகலயா?"

"சொல்லக்கூடாது."

"ஏன்?"

"எங்களுக்கும் வாய்ப்பூட்டு. நீ போய் வேலையப் பாரு, கெட்டுடப் போவுது."

ஞாயிற்றுக்கிழமை வான்கோழி வாசனை படி இறங்கி வந்தது. வான்கோழி வரவில்லை. படியில் ஒரு தட்டில் கேரட்டும் பட்டாணியும் இருந்தன. கறி இரண்டு துண்டு, அதுவும் வெளிறிப் போன மார்புப் பக்கம். வயிறு முட்டத் தின்றால் எனக்குத் தூக்கம் வந்துவிடுமாம், வேலை கெட்டுவிடுமாம். கதவுக்கு அந்தப் பக்கம் கீத் தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, இருக்கியா?"

"இருக்கேன்."

"உன்னைத் தப்பா எடை போட்டுட்டேன்பா. விளையாட்டுன்னு சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காத. என்னா உழைப்பு! என்னா பொறுமை! என்னால ஆகாதுப்பா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அந்த உற்சாகத்திலேயே போய் இன்னும் பத்துப் பன்னிரண்டு மீன் பிடித்தேன்.

திங்கட்கிழமை சாயங்காலம், களைத்துப்போனவன் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தேன். சோபாவில் இருந்த இருவரும் என்னைப் பார்த்ததும் அவசரமாக டிவியை அணைத்தார்கள். உழைத்து வந்தவனுக்குக் காட்டும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மேசையில் என் காபிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளே தடியான ஒரு கைக்கடிகாரம்.

"எனக்கா?" என்றேன்.

"உனக்குத்தான்" என்றாள் லோர்னா. "வெள்ளிக்கிழமை மார்னி கூப்பிட்டா. உன் போன் அணைஞ்சு கெடந்துச்சாம், அதான் வீட்டு நம்பருக்கு."

மார்னி ஒரு பத்திரிகை ஆசிரியை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே பெரும்பாலும் அவள் தயவில்தான். "என்னவாம்?"

"சில்லுனு இருக்கற தண்ணில உடம்பு எவ்வளவு தாங்குதுன்னு இந்தக் கடிகாரம் காட்டுமாம். நெஜமான ஏரில நெஜமான ஆளு இறங்கிப் பாத்து எழுதணுமாம். அவ கேட்ட எழுத்தாளருங்க எல்லாம் ஆளை விடுன்னுட்டாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"எங்க வீட்டுக்காரரு வருஷா வருஷம் ஆசையா இறங்குவாருன்னு சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். உன் சார்பா நானே ஒத்துக்கிட்டேன்."

"இத ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருந்தாங்க."

"புருஷன்கிட்டயா?"

"நீதான சொன்ன, உங்க தொழில்ல பொண்டாட்டிகிட்ட கூட மூச்சு விடக்கூடாதுன்னு? உன் தொழில் தர்மத்தை நான் கெடுப்பேனா?"

மார்னிக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த முறை கூப்பிடமாட்டாள். கீத் எழுந்து கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் இன்னிக்கும் லீவு போட்டுட்டேன் மாப்ள. உன் வேலைக்கு ஒரு கை கொடுக்கலன்னா எப்படி? அப்படியே படகுத்துறையையும் கழட்டிடலாம்."

ஏரி நான் எதிர்பார்த்ததைவிட மூன்று நாள் கூடுதலாகக் குளிர்ந்திருந்தது. முழங்கால் வரை வைதேன். இடுப்பு வரை முனகினேன். மார்புக்கு வந்ததும் சத்தமே வரவில்லை. கையில் கடிகாரம் கீச்சிட்டது.

"என்ன சொல்லுது?" கரையிலிருந்து லோர்னா கேட்டாள். போனில் விடாமல் படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உ... உடனே வெளிய வான்னு சொல்லுது."

"பரவால்லயே, புத்தியுள்ள கடிகாரம். அதையும் எழுதிக்கோ. அந்த மூணாவது போல்ட்ட மொதல்ல கழட்டு."

கழற்றினேன். பல்லுக்குப் பல் அடித்துக்கொண்டாலும் எனக்குள் ஒரு ஓரத்தில் மட்டும் சூடு இருந்தது. ஏரியில் இறக்கிவிட்டாள், வாஸ்தவம். ஆனால் என் பொய் பத்திரமாக இருக்கிறது. நிலவறையில் நடந்தது இவர்களுக்குத் தெரியாது. கீத் முதல் தடவையாக என்னை ஒரு உழைப்பாளியாக மதிக்கிறார். அதற்காக இன்னும் ஒரு படகுத்துறையைக்கூடக் கழற்றலாம் என்று மனதாரத் தோன்றியது. அந்த மரியாதையை இன்னும் கொஞ்சம் அனுபவிக்க ஆசைப்பட்டேன். அங்கேதான் வாயைக் கொடுத்தேன்.

"இ... இந்தக் குளிர் ஒண்ணும் பெருசில்ல கீத். அந்தக் கேமை ஆடி முடிக்கத்தான் உயிர் போயிடுச்சு."

கீத் லோர்னாவைப் பார்த்தார். லோர்னா போனைத் தாழ்த்தினாள்.

"வெண்டெல்" என்றாள். என் பெயரை இவ்வளவு கனிவாக அவள் கூப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. "நீ ஒவ்வொரு தடவ மீன் புடிச்சப்பவும் ஹால் டிவி மூலைல வந்துச்சுப்பா. உன் பேரு, மீன் பேரு, எடை எல்லாம்."

எங்கள் தொழிலில், ரகசிய கேமைத் தொடுவதற்கு முன் எல்லோரும் முதலில் செய்யும் காரியம், நாம் என்ன ஆடுகிறோம் என்று மற்றவர்களுக்குக் காட்டும் வசதியை அணைத்துவைப்பது. கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். நிஜமாகவே ரகசியம் இருந்திருந்தால் இந்தத் தடவையும் செய்திருப்பேன். ஊரறிந்த பழைய கேமுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஹாலில் லோர்னா படம் பார்ப்பது என் பழைய கேம் பெட்டி வழியாகத்தான். அதை என் கணக்கோடு இணைத்துக் கொடுத்ததும் நானேதான்.

கடிகாரம் மறுபடி கீச்சிட்டது. கீத் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனசத் தளர விடாத மாப்ள" என்றார். "உன்னோட நூறாவது மீனுக்குத்தான் நாங்க பூசணி கேக்கையே வெட்டினோம்."